கோதண்டபாணிக்கு மாற்று ஆள்

முதல் கான்ட்ராக்ட் விஷயம் கல்யாணத்துக்கு நேர் எதிர். கல்யாணத்தில் முன் அனுபவம் இருந்தால் பெண் கொடுக்க மாட்டார்கள். தொழிலில் முன் அனுபவம் இல்லாவிட்டால் கேட்டைத் திறக்க மாட்டார்கள். தேனாம்பேட்டையில் ஒரு டயர் கடைக்குப் பின்னால் ஷெட் பிடித்து, 'சேரன் இண்டஸ்ட்ரியல் மெயின்டெனன்ஸ்' என்று போர்டு மாட்டி, போர்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு உட்கார்ந்த சேரனுக்கு, இது உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

கிண்டியிலிருந்து பெருங்குடிவரை அவன் ஏறி இறங்காத தொழிற்சாலை இல்லை. எல்லா இடத்திலும் மரியாதையாகத்தான் நடத்தினார்கள். டீ வந்தது. விசிட்டிங் கார்டின் முன்பக்கத்தைப் பார்த்தார்கள், பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை என்பதையும் பார்த்தார்கள். பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"இதுக்கு முன்னாடி எங்க பண்ணியிருக்கீங்க?"

"நீங்கதான் சார் முதல்."

"அப்படியா, ரொம்ப சந்தோஷம். முதல்ல வேற எங்கயாவது பண்ணிட்டு, எங்ககிட்ட ரெண்டாவதா வாங்களேன்."

வைரமுடி என்ஜினியர்ஸ் என்கிற கம்பெனியில் அவன் பாய்லருக்கும் கம்ப்ரசருக்கும் நடுவில் தலைமுடியைத் தொலைத்த வருஷங்கள் எந்தக் கணக்கிலும் சேரவில்லை. அது வைரமுடியின் அனுபவமாம். அவனுடையது வெறும் சம்பளமாம். அங்கே அவனே ஸ்பேனர் பிடிக்கப் பழக்கிய பாரத் என்ற பையனை முதலாளி மேனேஜராக்கியபோது, சேரன் ராஜினாமாவை மேஜைமேல் போட்டுவிட்டு, ஃபிட்டர் பக்கிரியையும் கிளப்பிக்கொண்டு வெளியே வந்திருந்தான். இப்போது வைரமுடியிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள்: வந்தால் சேர்த்துக்கொள்கிறோம், ஆனால் பாரத்துக்குக் கீழே. ஆகையால் சேரனுக்கு முன்னால் இருந்தவை இரண்டே இரண்டு. ஒரு கான்ட்ராக்ட், அல்லது தினமும் காலையில் பாரத்துக்கு ஒரு 'குட்மார்னிங் சார்'.

பக்கிரி பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, ஷெட்டைப் பெருக்கி, எதிரே உட்கார்ந்துகொள்வான்.

"இன்னா சார், ஸ்பேனருக்கே டெய்லி எண்ண தேச்சிக்கினு கீறேன். இந்த நேரத்துக்கு எந்தலைக்குத் தேச்சிருந்தா முடியாச்சும் வளந்துருக்கும். வேல எப்ப சார் வரும்?"

"வரும்டா."

"வர்ற வழில எங்கனா பஞ்சராயிடுச்சா?"

இந்தச் சமயத்தில்தான் ராயப்பேட்டை கேட்டரிங் கரீமுல்லா பாய் வந்து சேர்ந்தார். அவருடைய ஸ்டீம் அடுப்பைச் சேரன் ஒருமுறை சும்மாவே சரிசெய்து கொடுத்திருந்தான். சும்மா செய்த வேலை அனுபவத்தில் சேராது. ஆனால் பாய் அதை மறக்கவில்லை.

"நைனா, புதன்கிழமை காலைல என்கூட ஒரு மீட்டிங்குக்கு வா. வியாபாரிங்க ஒருத்தருக்கொருத்தர் வேல புடிச்சிக் குடுக்கற எடம். இட்லி நல்லா இருக்கும். மத்தது உன் தலையெழுத்து."

*

பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு ஓட்டலின் மாடி ஹாலில், 'உதயம் வணிகச் சங்கமம் – ஐராவத அணி' புதன்தோறும் விடியற்காலையில் கூடும். ஏன் விடியற்காலை என்று கேட்டால், வெற்றியாளர்கள் சீக்கிரம் எழுந்துவிடுகிறார்கள் என்பார்கள். அந்த நேரத்துக்கு ஹால் வாடகை பாதி என்பது ஓட்டல்காரருக்கும் தலைவிக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

உள்ளே நுழைந்ததும் ஒருவர் சேரன் முகத்துக்கு நேரே "உதயம்!" என்று கத்தினார். சேரன் பயந்து பின்வாங்கினான். "'உதயமே!'ன்னு சொல்லிட்டு மூணு தடவ கையத் தட்டு, விட்டுடுவாரு" என்றார் பாய். தட்டினான். விட்டுவிட்டார்.

ஹால் நிறைய ஆட்கள். கழுத்தில் ஆளுக்கொரு பேட்ஜ். ஒவ்வொருவரும் எழுந்து ஒரு நிமிடம் தங்கள் தொழிலைப் பற்றிப் பேச வேண்டும். நிமிடம் முடிந்தால் மணி அடிக்கும். வாஸ்து பார்க்கும் செம்பியன் பேசினார். பலூன் அலங்காரம் செய்யும் ஹம்சினி பேசினாள். இன்னும் ஜாதகம், ஜெராக்ஸ், ஜிம் எல்லாம் பேசின. எல்லாரும் விற்க வந்தவர்கள். வாங்க வந்தவர் என்று ஒருத்தர் இல்லை. சந்தை என்றால் எதிரெதிராக இரண்டு பக்கம் வேண்டும் என்பது ரங்கநாதன் தெருவில் ஹேர்பின் விற்கிற பெண்ணுக்குத் தெரியும். இங்கே ஒரு பக்கம்தான் இருந்தது. ஆனால் மைக் இருந்தது.

தலைவி ஜோதிலட்சுமி, ஆளுமை மலர்ச்சிப் பயிற்சியாளர், கடைசியில் எழுந்தார். "இங்க யாரும் யாருக்கும் எதையும் விக்கறதில்ல, நண்பர்களே. நாம கொடுக்கறோம். கொடுத்துக்கிட்டே இருந்தா தானா வரும். எனக்கு வரலையா? இங்க இருக்கற அத்தனை பேரும் என்கிட்ட கோர்ஸ் பண்ணவங்கதான். என்னைப் பார்த்தாவது நம்பிக்கை வைங்க."

எல்லாரும் நம்பிக்கையோடு கைதட்டினார்கள்.

கூட்டம் முடிந்ததும் பாய் அவனை உறுப்பினர் குழுத் தலைவர் கதிரேசனிடம் கொண்டுபோய் நிறுத்தினார். கதிரேசனுக்கு இன்ஷூரன்ஸ் தொழில். அதனால் யாரைப் பார்த்தாலும் அவர் கண் முதலில் வயதைத்தான் எடை போடும்.

"இண்டஸ்ட்ரியல் மெயின்டெனன்ஸா? அடடா. ஒரு தொழிலுக்கு ஒரே ஆள்தான் இங்க. அதுதான் எங்க வேதம். உங்க தொழிலுக்கு மயிலாப்பூர் கோதண்டபாணி இருக்கார். முப்பத்தஞ்சு வருஷ அனுபவம்."

"எங்க சார் அவர்? பேசலையே இன்னிக்கு."

"அடையாறுல ஆஸ்பத்திரில இருக்கார். பக்கவாதம். ஒரு பக்கம் கை கால் வரல. பேச்சும் இல்ல."

"ஐயோ பாவம்" என்றான் சேரன். "அப்போ அந்த எடம்..."

"எடம் காலியில்ல. ஆள்தான் வரல. ரெண்டும் வேற வேற. வராதவங்க ஒரு மாற்று ஆள அனுப்பணும். தொடர்ந்து மூணு வாரம் மாற்று ஆளும் வரலேன்னா, உறுப்பினர் தகுதி போயிடும்."

"அப்போ யாரும் வராம இருந்தா எடம் காலியாயிடுமா சார்?"

செருப்போடு கருவறைக்குள் வந்தவனைப் பார்ப்பது போலப் பார்த்தார் கதிரேசன். "படுத்துக் கெடக்கற மனுஷன் எடத்தைப் புடுங்கலாம்னு பாக்கறீங்களா?"

"இல்ல சார், இல்ல சார்!"

"அப்போ நீங்களே அவருக்கு மாற்று ஆளா வாங்க. அணியோட நம்பிக்கையைச் சம்பாதிங்க. நாளைக்கே அந்த எடம் காலியாச்சுன்னா முதல் உரிமை உங்களுக்குத்தான். நான் வாக்கு கொடுக்கறேன்."

கணக்கு இப்படி இருந்தது: சேரன் வந்துகொண்டிருக்கும்வரை இடம் காலியாகாது, வராவிட்டால் அவனை யாருக்கும் தெரியாது. வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவனாக இருந்தால் இந்த இடத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பான். சேரன் பிறந்தது கோடம்பாக்கத்தில், ஒரு தபால்காரர் வீட்டில். "சரி சார்" என்றான்.

*

மாற்று ஆளுக்கு மூன்று விதிகள். உறுப்பினரின் பேட்ஜைத்தான் அணிய வேண்டும். உறுப்பினராகத்தான் பேச வேண்டும். சொந்தத் தொழிலைப் பற்றி மூச்சு விடக் கூடாது.

அடுத்த புதன்கிழமை சேரன் எழுந்து, "உதயம்! என் பெயர் கோதண்டபாணி. முப்பத்தஞ்சு வருஷமா இயந்திரங்களோட வாழறேன்" என்று ஆரம்பித்தான். சொல்லும்போதே ஒரு விசித்திரம் நடந்தது. ஊர் முழுக்க அவனிடம் இல்லாத ஒன்று, அந்த அனுபவம், அவன் வாயிலிருந்து தானாக வந்தது. கம்ப்ரசர் ஓடும் சத்தத்தை உதட்டாலேயே செய்து காட்டினான். நல்ல பேரிங்குக்கும் சாகப்போகிற பேரிங்குக்கும் என்ன வித்தியாசம் என்று காதாலேயே கேட்க வைத்தான். அவன் முடிக்கவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. ஹால் எழுந்து நின்று தட்டியது.

"கோதண்டபாணி இவ்ளோ நாள் இதையெல்லாம் எங்க வெச்சிருந்தார்!" என்றார் செம்பியன்.

ஆரம்பத்தில் வந்த பரிந்துரைகள் சிறிசு. ஹம்சினி ஒரு பரிந்துரைச் சீட்டை நீட்டினாள். "எங்க மாமியார் வீட்டு மிக்ஸி ஓடல சார். மிக்ஸியும் மெஷின்தானே?" பிறகு செம்பியனின் மச்சான் வைத்திருந்த வேளச்சேரி லாண்டரியின் பாய்லர் வந்தது. ஒரு அச்சகம் வந்தது. ஒரு குளிர்பதனக் கிடங்கு வந்தது. எல்லாம் வருடக் கான்ட்ராக்ட். எல்லாம் கோதண்டபாணிக்கு.

சீட்டுகளை மயிலாப்பூரில் கோதண்டபாணியின் ஆபீசில் கொண்டுபோய்க் கொடுப்பதும் மாற்று ஆளின் கடமை. அங்கே மருமகள் ஷீலா கம்பெனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமனார் படுத்ததும் வேலையாட்கள் ஆளுக்கொரு திசையாய்ப் போய்விட்டதால், வந்த வேலையை எல்லாம் அவள் வெளியே ஒரு கம்பெனிக்குத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். எந்தக் கம்பெனி என்று சேரன் கேட்டான். வைரமுடி என்ஜினியர்ஸ் என்றாள்.

"மேடம், எங்கிட்டயே ஆள் இருக்கு, டூல்ஸ் இருக்கு. எனக்கே கொடுத்திருக்கலாமே?"

"கொடுக்கலாம்தான் சார். நீங்க நல்லவர்னு தெரியும்." ஷீலா உண்மையாகவே வருத்தப்பட்டாள். "ஆனா நீங்க இதுக்கு முன்னாடி எங்கயும் பண்ணதில்லையே?"

அந்த வாரக் கடைசியில் பக்கிரி ஷெட் சாவியை மேஜைமேல் வைத்தான்.

"தப்பா நெனச்சிக்காத சார். வைரமுடில வேல தலைக்கு மேல கீதாம், ஓவர்டைம்லாம் குடுக்கறானுங்கோ. மயிலாப்பூர் பார்ட்டி ஒருத்தரு லைனா புடிச்சிக் குடுத்துக்கினே கீறாராம். கோதண்டபாணின்னு பேரு. செம்ம பேச்சாம் சார் அந்தாளு. நீயும் ஒரு தபா அவரப் போய்ப் பாரேன், எப்டி பேசறதுன்னு கத்துக்கலாம்."

*

ஷெட்டில் தனியாக உட்கார்ந்திருந்தவனுக்கு இனி ஒரே வழிதான் தெரிந்தது. கோதண்டபாணியின் இடம் காலியாக வேண்டும். கோதண்டபாணியின் இடம் எப்படிக் காலியாகும் என்பதைச் சேரன் முழு வாக்கியமாக ஒருபோதும் நினைக்கவில்லை. பாதியில் நிறுத்திவிடுவான். ஆனால் தினமும் காலையில் ஷீலாவுக்குப் போன் செய்து, "மாமாவுக்கு எப்படிங்க மேடம் இருக்கு?" என்று கேட்டான். கொஞ்சம் தேவலை என்றால் அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

"எங்க சொந்தக்காரங்ககூட இவ்ளோ விசாரிக்கல சார்" என்று ஷீலா ஒருநாள் கண்கலங்கினாள்.

மனைவி செண்பகம் வெள்ளிக்கிழமை கபாலி கோயிலுக்குப் போய்விட்டு வந்து விபூதி பூசினாள். "நல்லபடியா முடியணும்னு வேண்டிக்கிட்டேங்க."

"என்ன முடியணும்?"

"அதெல்லாம் வாயால சொல்லுவாங்களா? சாமிக்குத் தெரியும்."

இதற்கிடையே கோதண்டபாணியின் பிறந்தநாள் வந்தது. உறுப்பினர் பிறந்தநாளை அணி கொண்டாடியே ஆக வேண்டும். ஹம்சினி பலூன் கட்டினாள். சேரன் கேக் வெட்டினான், நாலு பேர் அவன் வாயில் ஊட்டினார்கள். "அறுபத்தெட்டு வயசுன்னு சொல்லவே முடியாது சார்" என்றாள் ஹம்சினி, பழக்க தோஷத்தில். அதற்கு அடுத்த வாரம் 'மாதத்தின் மாமனிதர்' விருது கோதண்டபாணிக்கு அறிவிக்கப்பட்டது. போட்டோ எடுக்கும்போது கதிரேசன் குறுக்கே வந்தார். சான்றிதழில் ஒரு முகமும் படத்தில் ஒரு முகமும் இருந்தால் தலைமையகம் ஒத்துக்கொள்ளாது. ஆகவே கோதண்டபாணியின் படத்தைச் சேரன் தன் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொள்ள, படம் எடுக்கப்பட்டது. "கொஞ்சம் சிரிங்க சார்" என்றார் போட்டோகிராபர். அந்தத் தாளுக்குப் பின்னால் சேரன் சிரித்தான்.

சான்றிதழை ஆஸ்பத்திரிக்கு அவன்தான் கொண்டுபோனான். கோதண்டபாணிக்குப் பாதிப் பேச்சு திரும்பியிருந்தது. வாய் கோணியபடி, ஒற்றைக் கண்ணால் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதான் நானா?"

"ஆமா சார்."

"கதிரேசன் வந்திருந்தான். முப்பத்தஞ்சு வருஷத்துல நான் பேசினதவிட இப்போ நான் நல்லா பேசறேனாம்." மூச்சு வாங்கிக்கொண்டார். "நான் பொழச்சு எழுந்து வந்துட்டாக்கூட, நீயே பேசு. எனக்கு அந்த நேரத்துல எழுந்துக்கப் புடிக்காது. எப்பவுமே புடிக்காது."

"டாக்டர் என்ன சார் சொல்றார்?" என்று கேட்டான் சேரன்.

"பொழச்சுக்குவேன்கறார்."

அன்றிரவு சேரன் சாப்பிடவில்லை. டாக்டர் சொன்னது பலிக்காமல், அந்த வாரமே கோதண்டபாணி இறந்துபோனார். செண்பகம் கோயிலுக்குத் தேங்காய் வாங்கிக்கொண்டு போனாள். எதற்கென்று சேரன் கேட்கவில்லை.

*

இரங்கல் கூட்டமும் புதன்கிழமையே நடந்தது. தனியாக ஹால் பிடிக்க விதியில் இடமில்லை. மேடையில் மாலை போட்ட படம். ஹம்சினி கறுப்பும் வெள்ளையுமாகப் பலூன் கட்டியிருந்தாள், கீழே போன் நம்பரோடு. சேரன் வெள்ளைச் சட்டை போட்டு, தன் சொந்தப் பேட்ஜுக்கு ஒட்ட ஒரு போட்டோவைப் பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தான்.

ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடம்.

"அவர் படுக்கையறை அக்னி மூலையில இருந்தது" என்றார் செம்பியன். "மாத்திக்கச் சொன்னேன். கேக்கல. உங்கள்ல எத்தன பேர் படுக்கையறை எந்த மூலையில இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? கூட்டம் முடிஞ்சதும் நான் வாசல்லதான் இருப்பேன்."

கதிரேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போன வருஷம்தான் அவர்கிட்ட ஒரு பாலிசி பத்திப் பேசலாம்னு இருந்தேன். பேசியிருந்தா இன்னிக்கு அவர் குடும்பம் சந்தோஷமா இருந்திருக்கும். மரணம் யாரையும் கேட்டுட்டு வர்றதில்ல, நண்பர்களே. நான்தான் கேட்டுட்டு வர்றேன். நீங்கதான் அப்புறம் பாக்கலாம்கறீங்க."

ஜோதிலட்சுமி குரல் தழுதழுக்கச் சொன்னார்: "கோதண்டபாணி எங்கயும் போகல. கொடுக்கறவங்க போறதே இல்ல. அவர் என்னோட 'மரணத்தை வென்ற மனம்' கோர்ஸுக்குப் பேர் கொடுத்திருந்தார். அந்த சீட் இப்போ காலியா இருக்கு. யாருக்கு வேணும்?"

கரீமுல்லா பாய் முறை வந்தது. "நல்ல மனுஷன். சாப்பிட்டா ருசிச்சு சாப்பிடுவாரு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நிமிடத்தில் பெரும்பகுதி மிச்சமிருந்ததால், மணி அடிக்கும்வரை எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு கதிரேசன் வழக்கம் போல வருகைப் பட்டியலை வாசித்தார். "கோதண்டபாணி?"

கதிரேசன் சேரனைப் பார்த்தார். மறுபடியும், "கோதண்டபாணி?"

"சார், அவர்..." சேரன் மாலை போட்ட படத்தைக் காட்டினான்.

கதிரேசன் அவனை ஓரமாக இழுத்தார். "தலைமையக மொபைல் ஆப்புல உறுப்பினர் விலகறதுக்குக் காரணம் போடணும். தொழில வித்துட்டார்னு இருக்கு, திருப்தியில்லைன்னு இருக்கு. செத்துட்டார்னு இல்ல. 'ஊர் மாறிவிட்டார்'னு போட்டுப் பாத்தேன். புது ஊர்ல எந்தக் கிளைன்னு கேக்குது. அவர் சந்தா மார்ச் வரைக்கும் இருக்கு. இன்னிக்கு ஆப்சென்ட் விழுந்தா நம்ம அணிக்குப் பொன் தகுதி போயிடும். தலைவியோட துபாய் மாநாடு போயிடும். பேட்ஜ போடுங்க."

"இது அவரோட இரங்கல் கூட்டம் சார்."

"அதனாலதான். இன்னிக்கு அவர் வராம இருந்தா நல்லாவா இருக்கும்?"

பேட்ஜைப் போட்டுக்கொண்டு, தன் படத்துக்குப் பக்கத்திலேயே நின்று, சேரன் பேசினான். "உதயம். என் பெயர் கோதண்டபாணி. முப்பத்தஞ்சு வருஷமா இயந்திரங்களோட வாழ்ந்தேன்." மனம் கசந்துபோயிருந்ததாலோ என்னவோ, அன்றைக்கு அவன் பேசியதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது. ஓவன் பர்னரில் சுடர் மஞ்சளாவது எதனால், கம்ப்ரசர் மூச்சிரைப்பது எதனால் என்றெல்லாம் சொன்னான். இரண்டு பேர் அழுதார்கள்.

விருந்தினர் வரிசையில் கடைசியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி எழுந்தார். அஸ்மத்துன்னிசா, கரீமுல்லா பாய் கூட்டி வந்தவர், கிண்டியில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்துபவர். அந்த ஹாலுக்குள் எதையாவது வாங்குகிற உத்தேசத்தோடு நுழைந்த முதல் ஆள்.

"எங்க ஓவனுக்கும் கம்ப்ரசருக்கும் வருஷ மெயின்டெனன்ஸ் ஆள் தேடிட்டிருக்கேன். இவ்ளோ தெளிவா யாரும் சொன்னதில்ல. கோதண்டபாணி சாருக்கே கொடுத்துடலாம்னு தோணுது."

பக்கத்தில் இருந்தவர் அவர் காதில் ஏதோ சொல்ல, அவர் படத்தைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார். "அப்போ பேசினது யாரு?"

சேரன் பேட்ஜைக் கழற்றினான்.

"நான் சேரன், மேடம். எனக்கு சொந்தமா கம்பெனி இருக்கு. தேனாம்பேட்டைல. நாளைக்கே வந்து ஆரம்பிக்கறேன்."

கதிரேசனின் கை மணிமேல் போனது. அஸ்மத்துன்னிசா ஒரு நிமிடம் இருங்கள் என்று கையைக் காட்டினார். வியாபாரம் தெரிந்தவர், ஆளைப் பிடித்திருந்தாலும் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுவார்.

"இதுக்கு முன்னாடி எங்க பண்ணியிருக்கீங்க, தம்பி?"

"வேளச்சேரி லாண்டரி, ராயப்பேட்டை அச்சகம், குளிர்பதனக் கிடங்கு... இந்த ஆறு மாசத்துல இங்க வந்த கான்ட்ராக்ட் எல்லாம் நான் பேசிப் புடிச்சதுதான் மேடம். இவங்க எல்லாருக்கும் தெரியும்."

"புடிச்சது சரி. செஞ்சது யாரு?"

பொய் ஒன்று சேரனின் நாக்கு நுனிவரை வந்தது. ஆறு மாதமாக இன்னொருத்தன் பேரைச் சொல்லிச் சொல்லிக் களைத்திருந்த நாக்கு, அன்றைக்குப் பார்த்து உண்மையைச் சொல்லிவிட்டது.

"வைரமுடி என்ஜினியர்ஸ்."

"எல்லாத்தையுமா? எல்லாம் ஒழுங்கா ஓடுதா?"

"ஓடுது, மேடம்."

"அப்போ அவங்ககிட்டயே பேசிக்கறேன்" என்றார் அஸ்மத்துன்னிசா. "தேங்க்ஸ் தம்பி. நேர்மையாச் சொன்னீங்க."

மணி அடித்தது.

*

ஒழுங்கு நடவடிக்கைக் குழு அங்கேயே, இட்லி ஆறுவதற்குள் கூடியது. உறுப்பினரின் நிமிடத்தில் சொந்தத் தொழிலைப் பேசியது மன்னிக்க முடியாத குற்றம். அதுவும் இரங்கல் கூட்டத்தில். நீக்க வேண்டும் என்பதில் எல்லாருக்கும் ஒரே கருத்து. ஆனால் சேரனை எப்படி நீக்குவது? அவன் உறுப்பினரே இல்லையே. விதியைப் புரட்டிப் பார்த்ததில், மாற்று ஆள் செய்யும் குற்றத்துக்கு உறுப்பினரே பொறுப்பு என்று இருந்தது. ஆகவே கோதண்டபாணி நீக்கப்பட்டார். ஆப்பில் 'ஒழுக்கக்கேடு' என்ற காரணம் இருந்தது, உடனே ஏற்றுக்கொண்டது. மேடையிலிருந்து அவர் படத்தை எடுத்து, மாலையோடு சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தார்கள். ஹம்சினி பலூன்களை அவிழ்த்தாள்.

"அப்போ எடம் காலியாயிடுச்சே சார்" என்றான் சேரன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"காலிதான்" என்றார் கதிரேசன். "முதல் உரிமை உங்களுக்குத்தான்னு வாக்கு கொடுத்தேன், மறக்கல. ஆனா ஒருத்தர் ஒழுக்கக்கேடால போன எடத்துக்கு, அந்த ஒழுக்கக்கேட்டைச் செஞ்சவரையே எப்படிப் போடறது? நீங்களே சொல்லுங்க."

படி இறங்கும்போது கரீமுல்லா பாய் தோளில் கை வைத்தார். "நைனா, அந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் ஒரு இருமல் இருமியிருக்கலாம்ல?"

"வாயில வந்துடுச்சு பாய்."

"ஆறு மாசம் அடுத்தவன் பேர்ல பேசினே, ஒருத்தனும் ஒண்ணும் சொல்லல. ஒரே ஒரு நிமிஷம் உம்பேர்ல பேசினே, பாத்தியா."

இடம் வைரமுடி என்ஜினியர்ஸுக்குப் போனது. உறுப்பினர்: பாரத், மேனேஜர். கதிரேசனிடம் இன்ஷூரன்ஸும் ஒரு பெரிய தொகைக்கு அதே வாரம் எடுத்துக்கொண்டார்.

டயர் கடைக்காரர் ஷெட்டைத் திருப்பிக் கேட்ட மறுநாள், போன் வந்தது.

"அண்ணா, பாரத் பேசறேன். நல்லா இருக்கீங்களா? வருத்தம்லாம் வெச்சுக்காதீங்கண்ணா, நம்ம கம்பெனில உங்களுக்கு எப்பவும் எடம் இருக்கு. வேல ஒண்ணும் பெருசா இல்ல. எனக்குக் காலைல ஜிம் இருக்கு. புதன்கிழமை மட்டும் அந்த மீட்டிங்குக்கு நீங்க போயிட்டு வந்துடுங்க."

சேரன் போனோடு வீட்டு வாசலுக்கு வந்தான். உள்ளே செண்பகம் குக்கருக்கு வெயிட் போட்டாள்.

"சரிங்க சார்" என்றான்.

*

அடுத்த புதன்கிழமை அஸ்மத்துன்னிசா கையெழுத்தான கான்ட்ராக்டோடு வந்திருந்தார். அணியின் சரித்திரத்திலேயே பெரியது. பிஸ்கட் பெட்டிகளும் கொண்டுவந்திருந்தார். வைரமுடியின் நீலச் சட்டையில், மீசையை எடுத்துவிட்டு, பாரத்தின் பேட்ஜோடு சேரன் மேடை ஏறினான். அந்த ஹாலில் யாரும் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை, பேட்ஜைத்தான் பார்ப்பார்கள். அஸ்மத்துன்னிசாவும் பேட்ஜைப் படித்தார், கான்ட்ராக்டை நீட்டினார். பிறகு, போட்டோவுக்குத் திரும்பியவர், மெதுவாகக் கேட்டார்.

"பாரத் தம்பி, போன தடவ இங்க ஒருத்தர் பேசினாரே, உங்க கம்பெனி பேரச் சொன்னவரு. பாவம், அனுபவம் இல்லாதவரு. அவருக்கு ஏதாவது வேல கெடச்சுதா?"

"கெடச்சுது மேடம்."

"நல்ல எடமா?"

"நல்ல எடம்தான் மேடம். பெரிய கம்பெனி."

"நல்லதுப்பா" என்றார் அவர், மனசார. "அவரு பேர்தான் ஞாபகத்துக்கு வர மாட்டேங்குது. உங்களுக்குத் தெரியுமா?"

சேரன் கேமராவைப் பார்த்தபடி யோசித்தான்.

"சரியாத் தெரியல மேடம்" என்றான்.